தோளில் கத்தி வைக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் தோள் மூட்டு இறங்குவதை, அதாவது தோளின் பந்து குழியிலிருந்து நழுவுவதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு ராமேஸ்வரம் தீவிலிருந்து தொண்டி வரைக்கும் கடிதங்கள் வந்திருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே பயம்தான்: ‘ஆபரேஷனில் நரம்பு போயிருமா டாக்டர்?’ அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

பதிலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பக்கத்தில் எதையெடுத்தாலும் நரம்பு என்றுதான் சொல்கிறோம். குளுக்கோஸ் நரம்பில் ஏற்றினார்கள் என்கிறோம், அது ரத்தக்குழாய். காலில் நரம்பு சுருண்டிருக்கு என்கிறோம், அதுவும் ரத்தக்குழாய்தான். தோளில் நரம்பு அறுந்துபோச்சு என்று வந்து நிற்பவருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அறுந்திருப்பது தசைநாண், ஜவ்வு என்று சொல்வோமே அது. நான் இங்கே நரம்பு என்று சொல்வது தண்டுவடத்திலிருந்து கிளம்பி, கழுத்தைத் தாண்டி, அக்குள் வழியாகக் கைக்கு இறங்கி, தசையை அசைய வைத்து, தோலுக்கு உணர்ச்சி கொடுக்கிற அந்த வெள்ளை இழையை மட்டும்.

கேள்வி: நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறேன், வயது 34. வலை இழுக்கும்போது வலது தோள் இதுவரை ஆறு தடவை இறங்கிவிட்டது. மதுரையில் காட்டினோம். தோள் குழியின் விளிம்பு தேய்ந்துவிட்டது, முன்பக்கத்து எலும்பில் ஒரு துண்டை வெட்டி அங்கே வைத்து ஸ்க்ரூ போட வேண்டும் என்கிறார்கள். என் மச்சான், “நரம்பில் பட்டுவிட்டால் கை சூம்பிரும், இருக்கிற கையோடு இருந்துக்கோ” என்கிறார். என்ன செய்யட்டும்? (வாசகர், பாம்பன்)

தம்பி, உங்கள் மச்சான் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சும்மா இருந்தால் நரம்புக்கு ஆபத்தில்லை என்று அவர் நினைப்பது சரியில்லை. தோள் பந்து முன்பக்கமாக இறங்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு நேர் கீழே ஓடுகிற அக்குள் நரம்பு இழுபடுகிறது. என் தாத்தாவுக்குத் தோள் இறங்கியபோது கடற்கரையிலேயே மல்லாக்கப் படுக்க வைத்து, அக்குளில் காலை ஊன்றி, ரெண்டு பேர் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டார்கள். மூட்டு ஏறியது. ஆனால் சில மாதத்தில் தோளின் உருண்டை வற்றி எலும்பு துருத்திக்கொண்டு நின்றது, அப்புறம் சாகும் வரைக்கும் அந்தக் கையால் அவர் துடுப்புப் போடவில்லை. தோள் இறங்கியபோதே நரம்பு அடிபட்டதா, இழுத்தபோது அடிபட்டதா என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இழுப்பதற்கு முன்னால் அந்தத் தோளைத் தொட்டு “உணர்ச்சி இருக்கா?” என்று யாரும் கேட்கவில்லை. நான் எலும்பு மருத்துவம் படிக்கப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்களுக்குச் சொல்லியிருக்கும் அறுவையில் அடிபடக்கூடிய நரம்புகள் முக்கியமாக மூன்று. முதலாவது நான் சொன்ன அக்குள் நரம்பு. இது தோள் குழியின் கீழ் விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் கீழேயே, மூட்டுப் பையை ஒட்டிப் போய், கை எலும்பின் கழுத்தைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து தோள் உருண்டைத் தசைக்குள் நுழைகிறது. இரண்டாவது, முழங்கையை மடக்கும் தசைக்குப் போகிற நரம்பு. உங்களுக்கு வெட்டி எடுக்கப்போகும் அந்த எலும்புத் துண்டில் (காரகாய்டு என்பார்கள்) ஒட்டியிருக்கும் தசைக்குள்ளேயே, துண்டின் நுனியிலிருந்து சுமார் ஐந்து சென்டிமீட்டர் கீழே அது நுழையும். சிலருக்கு இன்னும் மேலேயே நுழைந்துவிடும், அதுதான் சிக்கல். துண்டை வெட்டி எடுத்துவிட்டுத் தசையைக் கீழே ஓங்கி இழுத்தால் நரம்பும் கூடவே வரும். மூன்றாவது தோள்பட்டை எலும்பின் மேலிருந்து பின்னால் இறங்குகிற நரம்பு. தோள் குழியின் விளிம்பிலிருந்து அது அதிக தூரத்தில் இல்லை, இரண்டு சென்டிமீட்டருக்குள்தான், ஆகவே ஸ்க்ரூ நீளமாகப் போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தால் அதில் உரசும்.

இதையெல்லாம் தெரிந்தே அறுவை செய்பவர் சில வேலைகளைச் செய்வார். மூட்டுப் பையின் கீழ்ப்பகுதியில் வேலை நடக்கும்போது கையை உடம்போடு சேர்த்து வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார், அப்போது அக்குள் நரம்பு கத்தியிலிருந்து சற்று விலகிப் போகும். தசையை விலக்கிப் பிடிக்கும் கொக்கியை அளவோடு பிடிக்கச் சொல்வார், நடுநடுவே தளர்த்தச் சொல்வார். உங்களுக்குப் புரிகிற மாதிரி இன்னொன்றும் சொல்கிறேன். தங்கூசி (நைலான் தூண்டில் இழை) எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்க்க ஒரு முனையைச் சுண்டி மறு கையில் அந்த அதிர்வைப் பிடிப்பீர்களே, அதே வேலையை நாங்கள் அக்குள் நரம்பிலும் செய்கிறோம். ஒரு விரல், மூட்டின் முன்பக்கத் தசைக்கு அடியில் நரம்பு கிளம்பும் இடத்தில், இன்னொரு விரல் அது தோள் உருண்டைக்குள் நுழையும் இடத்தில். மெதுவாக ஒருபக்கம் சுண்டினால் மறுபக்கம் தெரியும். நரம்பு எங்கே இருக்கிறது, அறுபடாமல் இருக்கிறதா என்று ரெண்டுமே கண்ணால் பார்க்காமலேயே தெரிந்துவிடும்.

மூட்டு நழுவாமல் இருக்கச் செய்யும் அறுவைகளில் நரம்பு பாதிப்பு நூற்றுக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை என்று மருத்துவ நூல்களில் இருக்கிறது, எலும்புத் துண்டு வைக்கும் வகையில் கொஞ்சம் கூடுதல். பெரும்பாலானவை அறுபட்டவை இல்லை, இழுபட்டவை. அவை சில வாரங்களில், சில மாதங்களில் தானாகத் திரும்பிவிடும். ஆறு தடவை இறங்கிய, விளிம்பு தேய்ந்த தோளோடு நடுக்கடலில் வலை இழுப்பதைவிட இது சிறிய ஆபத்து என்பது என் அபிப்பிராயம். ஆபரேஷனுக்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் ரெண்டு விஷயம் கேளுங்கள்: இந்த அறுவையை அவர் வழக்கமாகச் செய்கிறாரா, மூன்று நரம்பையும் இப்போதே சோதித்துக் கேஸ் தாளில் எழுதினாரா. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம், நல்ல டாக்டர் சந்தோஷப்படுவார்.

இன்னொன்று தம்பி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், வேலை குறைவு, அந்த 61 நாளில் ஆபரேஷன் முடித்துவிட்டு அப்புறம் கடலுக்குப் போயிரலாம் என்று நம் பக்கத்தில் பலர் கணக்குப் போடுகிறார்கள். வைத்த எலும்பு ஒட்டவே மூன்று மாதம் பிடிக்கும், வலை இழுக்க நாலிலிருந்து ஆறு மாதம் ஆகும். அதை வீட்டில் சொல்லி, செலவுக்கு வழி பண்ணிக்கொண்டு படுங்கள்.

கேள்வி: நான் ஒரு மருத்துவமனையில் தியேட்டர் டெக்னீஷியனாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. தோள் கேஸ் வந்தால் நோயாளியைப் படுக்க வைப்பதில் எந்நேரமும் திட்டு வாங்குகிறேன். அதில் என்ன அவ்வளவு இருக்கிறது? (வாசகர், தொண்டி)

அதில்தான் எல்லாமே இருக்கிறது. கத்தி வைப்பதற்கு முன்னாலேயே நரம்பு கெட்டுப்போகும் இடம் அந்த மேஜை. நோயாளி மயக்கத்தில் இருக்கிறார், வலிக்கிறது என்று சொல்ல முடியாது. அவருக்குப் பதிலாக வலியை நினைத்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

சாய்வு நாற்காலி மாதிரி உட்கார வைத்துச் செய்யும் முறையில் தலையைக் கவனியுங்கள். அறுவை நடக்கும் தோளுக்கு எதிர்ப்பக்கம் தலை சாய்ந்துவிட்டால் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கைக்குப் போகும் நரம்புக் கொத்து முழுவதும் இறுகிப் போகும், அந்த நேரத்தில் கீழிருந்து கையையும் இழுத்தால் கேட்கவே வேண்டாம். தலை நேராக, நடுவாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் நேராக வைத்துவிட்டு மறந்துபோகக் கூடாது, அரை மணிக்கு ஒரு தரம் துணிக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள், நோயாளி சரிந்திருப்பார், தலை திரும்பியிருக்கும். தலையைப் பிடிக்கும் பட்டை காதின் மேல் அழுந்தினால் காது மடல் மரத்துப்போகும், அங்கேயும் ஒரு நரம்பு ஓடுகிறது.

ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் முறையில் கயிற்றின் மறுமுனையில் போடும் எடை முக்கியம். பொதுவாக நாலரையிலிருந்து ஏழு கிலோவுக்குள். மூட்டுக்குள் இடம் போதவில்லை, இன்னொரு கல்லைப் போடு என்று யாராவது சொன்னால் போட்ட நேரத்தைப் பலகையில் எழுதி வையுங்கள், வேலை முடிந்ததும் எடுக்கச் சொல்லி நினைவுபடுத்துங்கள். கீழே அழுந்தும் பக்கத்தில் அக்குளுக்குள் துணிச் சுருளைத் திணிக்காதீர்கள். நெஞ்சுக்கு அடியில், அக்குளிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தால்தான் அக்குள் எழும்பி நிற்கும். முழங்கையின் உள்பக்கத்து மேட்டுக்கும், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்து எலும்பு முனைக்கும் பஞ்சு வையுங்கள். தோள் ஆபரேஷனுக்கு வந்தவர் பாதம் தூக்க முடியாமல் வீட்டுக்குப் போனார் என்றால் அதற்குக் காரணம் அந்த முழங்கால் பக்கத்து எலும்பு முனையில் விட்டுப்போன ஒரு பஞ்சுத் துண்டாகவும் இருக்கலாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்யும் கேஸில் டாக்டர் எலும்பு விளிம்புகளைப் பேனாவால் வரையும்போது நோயாளியை அசைக்காதீர்கள். உள்ளே தண்ணீர் விட்டபின் தோள் பலாப்பழம் மாதிரி ஊதிவிடும், எது எங்கே என்று தெரியாது, அந்தக் கோடுதான் வழிகாட்டி. முன்பக்கத் துளை காரகாய்டு எலும்புக்கு வெளிப்புறம்தான் இருக்க வேண்டும், உட்புறம் போனால் நரம்புக் கொத்தும் பெரிய ரத்தக்குழாயும் இருக்கின்றன. திட்டுகிறவர் அக்கறையில் திட்டுகிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 61 வயது, சர்க்கரை இருக்கிறது. பாசி எடுக்கப் போன இடத்தில் பாறையில் வழுக்கி விழுந்து கை எலும்பு தோளுக்குப் பக்கத்தில் உடைந்துவிட்டது. பிளேட் வைக்க வேண்டுமாம். தோளில் ஒரு இடம் மதமதவென்று இருக்கிறது என்கிறார். பயப்பட வேண்டுமா? (வாசகி, மண்டபம்)

மதமதப்பு எந்த இடம் என்று பாருங்கள். போலீஸ்காரர் சட்டையில் பட்டை தைத்திருக்கும் இடம், தோளிலிருந்து கொஞ்சம் கீழே வெளிப்பக்கம் என்றால் அது அக்குள் நரம்பின் இடம். எலும்பு உடைந்தபோதே அந்த நரம்பு நசுங்கியிருக்கலாம், இப்படி நடப்பது அபூர்வம் கிடையாது, பெரும்பாலும் குணமாகும். ஆனால் இன்றைக்கே டாக்டரிடம் சொல்லி எழுத வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஆபரேஷனுக்குப் பிறகு கை தூக்க முடியாமல் போனால் பிளேட் வைத்ததால் வந்ததா, விழுந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது, அடுத்து என்ன செய்வது என்ற முடிவும் தப்பிப்போகும்.

வெளிப்பக்கத்திலிருந்து தோள் தசையைப் பிரித்து உள்ளே போகும் முறை ஒன்று உண்டு. தோளின் மேல் எலும்பு விளிம்பிலிருந்து ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் கீழே அதே நரம்பு குறுக்கே ஓடுவதால், ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே தசையைப் பிரிக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். அதற்கும் கீழே கிழியாமல் இருக்க அங்கே ஒரு தையலும் போட்டு வைப்போம். ஒல்லியான, குள்ளமான பெண்களுக்கு அந்தத் தூரம் இன்னும் குறையும். சர்க்கரை உள்ளவர்களின் நரம்பு ஏற்கெனவே சோர்ந்திருக்கும், இழுபட்டால் மெதுவாகத்தான் தேறும், அதனால் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் நரம்பைக் காப்பதில் சேர்த்திதான்.

கேள்வி: வாப்பாவுக்கு நேற்று மதியம் தோளில் துளை போட்டு ஆபரேஷன் செய்தார்கள். ராத்திரி முழுக்கக் கை மரக்கட்டை மாதிரி கிடக்கிறது, விரலைக்கூட அசைக்க முடியவில்லை, ஒரு கண் இமை வேறு தொங்குகிறது, குரல் கம்முகிறது. பக்கவாதம் வந்துவிட்டதோ என்று உம்மா அழுதுகொண்டே இருந்தார். காலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது. இது ஏன் என்று யாரும் முன்னால் சொல்லவில்லையே? (வாசகி, கீழக்கரை)

சொல்லியிருக்க வேண்டும் தங்கச்சி. அந்த ஒரு ராத்திரி அழுகை தேவையில்லாதது. தோள் வலி தெரியாமல் இருக்கக் கழுத்தின் பக்கவாட்டில், நரம்புக் கொத்தைச் சுற்றி மரப்பு ஊசி போடுவார்கள். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கை அப்படித்தான் கிடக்கும். அந்த மருந்து பக்கத்து நரம்புகளுக்கும் பரவுவதால் இமை இறங்குவது, குரல் கம்முவது, அந்தப் பக்கம் மூச்சு முழுசாக இழுக்க முடியாத மாதிரி இருப்பது எல்லாம் வரும், மருந்து இறங்கியதும் போய்விடும். உதரவிதானம், அதாவது மூச்சை இழுக்கும் தசை, அந்தப் பக்கம் பாதி நாளாவது ஓய்ந்துவிடும் என்பதால் பழைய டிபி, ஆஸ்துமா, பீடி குடித்துக் கெட்டுப்போன நுரையீரல் உள்ளவர்கள் மயக்க மருத்துவரிடம் இதை மறைக்கவே கூடாது.

24 மணி நேரம் தாண்டியும் விரல் அசையவில்லை என்றால், மூச்சுத் திணறல் கூடினால், கை நீலம் பாரித்துச் சில்லென்று ஆனால், விடியட்டும் என்று உட்காராதீர்கள், உடனே போன் போடுங்கள். மரப்பு இறங்கியதும் வீட்டிலேயே பார்க்கலாம்: கட்டை விரலைத் தூக்கச் சொல்லுங்கள், கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வளையம் பண்ணச் சொல்லுங்கள், விரல்களை விரிக்கச் சொல்லுங்கள், மணிக்கட்டைத் தூக்கச் சொல்லுங்கள். கைத்தொட்டிலில் இருக்கும்போதே முழங்கையால் வெளிப்பக்கம் உங்கள் கையை லேசாகத் தள்ளச் சொல்லி, தோள் உருண்டை இறுகுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். ரெண்டு நிமிட வேலை.

கேள்வி: மரத்துப்போன தோளில் எண்ணெய் காய்ச்சித் தேய்த்து ஒத்தடம் கொடுக்கலாமா? நரம்பு மாத்திரை வாங்கிப் போடலாமா? (வாசகர், ஏர்வாடி)

ஒத்தடம் வேண்டவே வேண்டாம். உணர்ச்சி இல்லாத தோலுக்குச் சூடு தெரியாது, வெந்து கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். ஐஸ் வைப்பதும் அப்படித்தான், துணி சுற்றாமல் வைக்காதீர்கள். தைத்த தோளை அழுத்தித் தடவினால் உள்ளே போட்ட தையல் போய்விடும். நரம்பு மாத்திரை என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் பி12 சேர்ந்த வைட்டமின். உடம்பில் அது குறைந்திருந்தால் பயன் உண்டு, மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடும் சர்க்கரைக்காரர்களுக்குக் குறைய வாய்ப்பிருக்கிறது. ஆனால் அறுந்த நரம்பை ஒட்டவைக்கும் மாத்திரை கிடையாது.

கேள்வி: என் கணவருக்கு வயது 41, ஐஸ் கம்பெனியில் வேலை. தோள் எலும்பு உடைந்து பிளேட் வைத்து நாலு மாதம் முடிந்துவிட்டது. இன்னும் கையைப் பக்கவாட்டில் தூக்கவே முடியவில்லை, தோள் ஒரு பக்கம் குழிவிழுந்து கிடக்கிறது. கேட்டால் “போகப் போகச் சரியாகும்” என்றே சொல்கிறார்கள். இன்னும் எவ்வளவு நாள் பொறுப்பது? (வாசகி, தங்கச்சிமடம்)

இனிப் பொறுக்க வேண்டாம் அம்மா. இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனசு பதறிவிட்டது, ஏனென்றால் இதில் நாள் கணக்கு ரொம்ப முக்கியம்.

இழுபட்ட நரம்பு முதல் ஆறு, எட்டு வாரத்தில் ஏதாவது ஒரு அறிகுறி காட்டும். உள்இழை அறுந்து உறை மட்டும் நிற்கிற நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்ந்து வரும், அதாவது மாதத்துக்கு ஒரு அங்குலம். முழுசாக அறுந்தது தானாக வராது. இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிக்க நரம்பு-தசை மின் பரிசோதனை இருக்கிறது, இஎம்ஜி என்று எழுதிக்கொடுப்பார்கள். மூன்று, நாலு வாரம் ஆவதற்கு முன்னால் எடுத்தால் சரியாகக் காட்டாது. உங்களுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது, உடனே எடுக்கலாம். மூன்று மாதத்தில் தசை துளிகூட அசையவில்லை, பரிசோதனையிலும் உயிர் வந்த அடையாளம் இல்லை என்றால் நரம்பு அறுவை செய்பவரைப் பார்த்தாக வேண்டும். நரம்பை விடுவிப்பதோ, வேறிடத்து நரம்பை எடுத்து ஒட்டுவதோ, முழங்கையை நீட்டும் தசைக்குப் போகும் நரம்பில் ஒரு கிளையைத் திருப்பித் தோள் தசைக்குக் கொடுப்பதோ, எதுவானாலும் ஆறு மாதத்துக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் தாண்டினால் நரம்பு வந்து சேர்ந்தாலும் வாங்கிக்கொள்ளத் தசை உயிரோடு இருக்காது. ஆக உங்கள் கையில் இருப்பது ரெண்டு மாதம்.

ஆபரேஷன் நடந்த இடத்தில் சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் கேஸ் தாள், ஆபரேஷன் குறிப்பு, எக்ஸ்ரே எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. அந்தக் குறிப்பில் நரம்பைக் கண்ணால் பார்த்தார்களா, அது முழுசாக இருந்ததா என்று எழுதியிருந்தால் அடுத்த டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, ராமேஸ்வரத்தில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் சென்னை. மதுரை அரசு மருத்துவமனையில் முதலில் காட்டிவிட்டும் போகலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். அதுவரைக்கும் பிசியோதெரபியை விடாதீர்கள், நீங்களே கையைப் பிடித்து மெதுவாக எல்லாப் பக்கமும் தூக்கி இறக்கிவிடுங்கள், நரம்பு திரும்பி வரும்போது மூட்டு இறுகிப்போயிருக்கக் கூடாது. பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், இதழ் வரும்வரை காத்திருக்காமல் தனியாகவே பதில் போடுகிறேன்.